பின்சீட்டில் ஏறிய மூட்டை

வீடு வீடாகப் போய்த் திரைச்சீலை மாட்டுகிறவர் என்பதால் அவருக்குத் திரைக்காரர் என்று பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லி விசாரித்தால் தெருவே உதட்டைப் பிதுக்கும். திரைக்காரர் என்று கேட்டுப் பாருங்கள், ஆளாளுக்குக் கையை நீட்டுவார்கள். "அதோ, மேடு முடியிற இடத்துல ஒரு பழைய மோட்டார் சைக்கிள் மூக்கைக் கீழ்ப்பக்கம் திருப்பி நிக்குது பாருங்க, அந்த வீடுதான்."

அந்த வண்டி ஏன் கீழ்ப்பக்கம் பார்த்து நிற்கிறது என்பதற்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. சொல்கிறேன், அவசரப்படாமல் கேளுங்கள்.

முதலில் ஆளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பார்க்க நல்ல வாட்டசாட்டமாக இருப்பார். ஆனால் சரியான கல்லுளிமங்கன். முகத்துக்கு முகம் பார்த்துப் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதே மனுஷன் ஏணியில் ஏறி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாரானால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். கீழே நிற்கிற வீட்டுக்காரம்மாவிடம் ஜன்னல் அகலத்தில் ஆரம்பித்து, வெயில், மழை, எதிர்வீட்டு நாய் வரைக்கும் பேசித் தீர்ப்பார். வேலை முடிந்து ஏணியை விட்டு இறங்கினால் போச்சு. "வரேங்க" என்று ஒரு வார்த்தை சொல்வதற்குள் எச்சிலை மூன்று தடவை முழுங்குவார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்டபோதெல்லாம் இவர் விழித்துக்கொண்டு நின்றாராம். முதுகைக் காட்டி நிற்க விட்டிருந்தால் வகுப்பிலேயே முதலாவதாக வந்திருப்பார் என்று அவர் மனைவி சொல்வாள்.

வண்டி அவர் கைக்கு வந்தபோதே ஏற்கெனவே இரண்டு மூன்று பேரிடம் குடித்தனம் நடத்திய வண்டி. விற்றவர் ஓய்வு பெற்ற ஓவிய வாத்தியார். படம் வரையும் பலகைகளைக் கட்டிக்கொண்டு போவதற்காகப் பின்னால் நீளமாக ஓர் இரும்புச் சட்டம் அடித்து வைத்திருந்தார். அந்தச் சட்டத்தைப் பார்த்ததும் நம்மவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. திரைக்கம்பியைக் கட்டிக்கொண்டு போக அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. இன்ஜின் என்ன, டயர் என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கே கேட்பது, வாத்தியார் முகத்துக்கு நேரே அல்லவா நின்றிருந்தார்! வாத்தியாரும் பொய் சொல்கிற ஆளில்லை. சாவியைக் கொடுக்கும்போது, "ஓடுற வண்டிதான். ஆனா நிறுத்தறப்போ மட்டும் சரிவு பார்த்து நிறுத்துங்க" என்றார். இவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துத் தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

வேடிக்கை இல்லை என்பது மறுநாளே தெரிந்தது. கிக்கரை உதைத்தால் கால் வழுக்கிக்கொண்டு கீழே போகும், இன்ஜினுக்கு அந்தச் சங்கதியே தெரியாது. மெக்கானிக் வேறொரு வண்டியின் பல்சக்கரத்தைப் போட்டுப் பார்த்தார், அடுத்த வாரமே அதுவும் வழுக்க ஆரம்பித்தது. "இந்த மாடலுக்கு இப்போ சாமான் வர்றதே இல்லைங்க. தள்ளிக் கிளப்பினா கிளம்பிடும். ஆக்சிலரேட்டரை மட்டும் விட்டுடாதீங்க, விட்டா அணைஞ்சுடும்" என்று கைகழுவிவிட்டார். ஓட ஆரம்பித்துவிட்டாலோ, சும்மா சொல்லக்கூடாது, மேடு, பள்ளம், மழை எதையும் சட்டை செய்யாது. கிளம்புவதில்தான் அத்தனை சண்டித்தனம்.

ஆக, திரைக்காரர் சரிவு பார்க்கிற மனுஷராக மாறிப்போனார். வாடிக்கையாளர் வீட்டு வாசலில் இடம் இருந்தாலும் அங்கே நிறுத்த மாட்டார். நாலு வீடு தள்ளித் தரை கொஞ்சம் சாய்கிற இடத்தைத் தேடிப்பிடித்து நிறுத்திவிட்டு, கம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து வருவார். டீ குடிப்பதாக இருந்தாலும் சரிவில் இருக்கிற கடையில்தான். டீ கழுநீர் மாதிரி இருக்கும். அதற்கென்ன செய்வது, கடை சரிவில் இருக்கிறதே!

கல்யாணமும் அந்த வண்டியில்தான் நிச்சயமானது. துணியை வெட்டித் தைக்கிற வேலையை அவர் ஒரு தையல் கடையில் கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கே தைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் வருஷக்கணக்காக அவர் பேசியது, "நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு" என்பது மட்டும்தான். ஒருநாள் சாயங்காலம் அவளுக்குப் பஸ் தப்பிவிட்டது. "ஏறுங்க" என்றார். வண்டி கிளம்பியதும் ஆள் பேச ஆரம்பித்தார் பாருங்கள், மூச்சு விடவில்லை. அவள் மிரண்டுபோய், இவர்தானா, இல்லை வேறு யாராவது வண்டியில் ஏறிவிட்டோமா என்று எட்டிப் பார்த்தாளாம். அவள் தெருமுனை வருவதற்குள், "எனக்கு உங்களைக் கட்டிக்கணும்னு ஆசை" என்று ரோட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

"முதல்ல லாரியைப் பார்த்து ஓட்டுங்க. உயிரோட போய்ச் சேர்ந்தா யோசிக்கலாம்" என்றாள் அவள்.

உயிரோடு போய்ச் சேர்ந்தார்கள். அவள் யோசித்தாள். கல்யாணமும் ஆயிற்று.

வீடு பார்க்கும்போது அவர் மேட்டுத்தெருவில் உச்சியில் இருந்த வீட்டைப் பிடித்தார். "நல்லா காத்து வரும்" என்றார். இவ்வளவு அக்கறையான புருஷன் கிடைத்தானே என்று அவள் பூரித்துப்போனாள். காலையில் வண்டியில் உட்கார்ந்து காலை எடுத்தால் போதும், அது தானாக உருண்டு கிளம்பிவிடும் என்பதற்காகப் பிடித்த வீடு அது என்று குடிவந்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. "காத்துன்னு சொன்னீங்களே?" என்று கேட்டாள். "காத்தும் வருதுல்ல?" என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வண்டியின் குணத்தைச் சீக்கிரமே பழகிக்கொண்டாள். முன் அறையில் தையல் மெஷினைப் போட்டு அவள் தைப்பாள், அவர் கொண்டுபோய் மாட்டுவார். வெளியே போனால் இருவரும் ஒன்றாகத்தான். சமதரையில் வண்டி அணைந்துவிட்டால் அவள் இறங்குவாள். அவர் இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்துக்கொள்வார். அவள் பின்னாலிருந்து தள்ளுவாள். வேகம் எடுத்ததும் அவர் கிளட்சை விடுவார், வண்டி இருமிக்கொண்டு உயிர் பெறும். அப்போது நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடும். அதனால் அவர் மெதுவாக உருட்டிக்கொண்டே போக, அவள் நாலு எட்டு ஓடிவந்து தொப்பென்று தாவி உட்காருவாள். அந்தத் 'தொப்' கேட்டதும் அவர் முறுக்கிக்கொண்டு பறப்பார். திரும்பிப் பார்க்கிற வழக்கமே கிடையாது. வழியெல்லாம் பேச்சுத்தான். வீட்டில் 'ம்' என்பதும் 'சரி' என்பதும் தவிர வேறு வராத வாயிலிருந்து, வண்டியில் போகும்போது அன்றைக்கு நடந்தது, நாளைக்கு நடக்கப்போவது, மனசில் உள்ளது எல்லாம் கொட்டும். தம்பதிகள் என்று அவர்கள் வாழ்ந்ததெல்லாம் அந்தச் சீட்டில்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த சமயத்தில்தான் அவள் அக்கா வீட்டில் விருந்து வந்தது.

அக்கா வீட்டுக்காரர், அதாவது நம்மவரின் சகலை, அப்போதுதான் புதுக் கார் வாங்கியிருந்தார். கார் வாங்கியவர் சும்மா இருப்பாரா? சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததிலிருந்து கார்ப் புராணம். அது முடிந்ததும் இவர் பக்கம் திரும்பினார். "சகலை, உங்க வண்டியை மியூசியத்துல கேட்டாங்களாமே, குடுக்கலாம்ல? தள்ளிக்கிட்டாவது போய்ச் சேர்த்துடலாம்." எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். திரைக்காரர் தட்டைப் பார்த்தபடி அசடு வழியச் சிரித்தார். பதில் சொல்லவேண்டிய வாய் வழக்கம்போல ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவள்தான் தண்ணீர்த் தம்ளரை நங்கென்று வைத்தாள். "எங்க வண்டி நின்னா நான் தள்ளிக்கிறேன் அத்தான். உங்களையா வந்து தள்ளச் சொன்னோம்?"

சிரிப்பு நின்றது. சகலையின் முகத்தில் ஈயாடவில்லை. திரைக்காரர் தலையை நிமிர்த்தாமல் பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்துகொண்டிருந்தார்.

மத்தியானத்துக்கு மேல் கிளம்பினார்கள். அக்கா தன் வீட்டுத் திரைகளைக் குட்டையாக்கித் தரச் சொல்லி ஒரு பெரிய மூட்டையாகக் கட்டிக் கொடுத்தாள். அதைப் பின்னால் சட்டத்தில் ஏனோதானோவென்று கட்டினார். மனசு நிலைகொள்ளாதபோது முடிச்சு எங்கே சரியாக விழும்? பாதி வழியில், தூறல் போட்டுக்கொண்டிருக்கும்போது, நாற்சந்தியில் வண்டி அணைந்துவிட்டது. அவள் இறங்கினாள், தள்ளினாள். கிளட்சை விட்டார், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி உயிர் பெற்றது. அந்தக் குலுக்கலில் முடிச்சு நழுவி, மூட்டை சட்டத்திலிருந்து சீட்டில் வந்து விழுந்தது. தொப்!

அவர் முறுக்கிக்கொண்டு பறந்தார்.

பின்னால் அவள் "என்னங்க! என்னங்க!" என்று கரடியாய்க் கத்தியது இன்ஜின் சத்தத்தில் காதில் விழவில்லை. அவர் பேச ஆரம்பித்துவிட்டார். விருந்தில் ஒட்டிக்கொண்ட வாய் அப்போதுதான் திறந்தது. பிறந்ததிலிருந்து யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டார். அவள் பதில் பேசாமல் வந்ததுகூட அவளுக்கும் மனசு நிறைந்துபோனதால்தான் என்று நினைத்துக்கொண்டார். மேட்டின் உச்சியில் வண்டியைத் திருப்பி நிறுத்தி, "இறங்கு" என்றார். இறங்கவில்லை. திரும்பிப் பார்த்தார். மூட்டை உட்கார்ந்திருந்தது.

பதறியடித்துக்கொண்டு வந்த வழியே சரிவில் இறங்கினார். பாதிச் சரிவில், கீழேயிருந்து புதுக் கார் ஒன்று ஏறி வந்தது. சகலையின் கார். ஜன்னல் ஓரத்தில் நனைந்த தலையும் கையில் அறுந்துபோன செருப்புமாக அவர் மனைவி. சகலை ஏதோ வேலையாக அந்தப் பக்கம் வந்தவர், நாற்சந்தி தாண்டி அவள் நொண்டி நொண்டி நடந்துபோவதைப் பார்த்துக் காரை நிறுத்தியிருக்கிறார். சும்மா ஏற்றிக்கொண்டாரா? "என்னம்மா, தள்ளிக்கிறேன்னு சொன்னே, வண்டியையே காணோமே?" என்று கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறந்தாராம். அவளுடைய மானம் அன்றைக்கு அந்தக் காரிலேயே கப்பலேறிவிட்டது. அவரோ சரிவில் இறங்குகிற வேகத்தில் பிரேக் போடத் தோன்றாமல் அவளைக் கடந்து கீழே போய்விட்டார். ஒரே நாளில் இரண்டாவது தடவை!

சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அவ்வளவு தூரம் நான் பின்னாடி இல்லைன்னு உங்களுக்குத் தெரியலையா?"

"பேசிக்கிட்டே வந்தேன்."

"யார்கிட்ட?"

"உன்கிட்டதான்."

அவள் கொஞ்சம் இளகினாள். இங்கேதான் மனுஷன் கோட்டை விட்டார். "என்ன பேசினீங்க? இப்போ சொல்லுங்க" என்று நேருக்கு நேர் நின்று கேட்டாள். அவர் வாயைத் திறந்தார், மூடினார். எச்சிலை முழுங்கினார்.

"மறந்துபோச்சு" என்றார்.

"சரி. இனிமே அந்தச் சீட்டுல மூட்டையையே ஏத்திக்கிட்டுப் போங்க. நான் ஏறமாட்டேன்" என்று உள்ளே போய்விட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

அதன் பிறகு வருஷங்கள் ஓடின. வீட்டில் சண்டை கிடையாது, வேளாவேளைக்குச் சோறு, வேலை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவள் பஸ்ஸில் போனாள், அவர் துணி மூட்டையோடு வண்டியில் போனார். ஒரே வீட்டில் ஒரே ஜன்னலுக்கு வேலை என்றாலும் தனித்தனியாகவே போய்ச் சேர்ந்தார்கள். பேச்சுத்தான் செத்துப்போய்விட்டது. அவருக்கு மனசுக்குள் சொல்லவேண்டியது மலையாய்க் குவிந்துகொண்டே போயிற்று, சொல்கிற இடம் போய்விட்டது. அவள் ஒரே ஒரு தடவை பின்னால் ஏறி உட்கார்ந்துவிட மாட்டாளா என்று மனுஷன் ஏங்கிப்போனார்.

என்னென்னவோ செய்து பார்த்தார். சீட்டுக்கு மெத்தென்று பஞ்சு வைத்துப் புது உறை தைத்துப் போட்டார். தைத்தது யார் என்கிறீர்கள்? அவளேதான். துணி மீந்ததைக் கொடுத்து அளவு சொன்னார், தைத்துக் கொடுத்துவிட்டு, "மூட்டைக்கு நல்ல வசதியா இருக்கும்" என்றாள். பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் கம்பி வைத்தார். "மூட்டை எங்க பிடிக்கப்போகுது?" என்றாள். கடைசியில் ஒருநாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரலில், "வண்டியை வித்துடவா?" என்று கேட்டார்.

அவள் மெஷினை நிறுத்தினாள். "வண்டி என்ன பண்ணுச்சு பாவம்? வண்டியா என்னை விட்டுட்டுப் போச்சு?"

அன்றிலிருந்து அவர் வண்டியைக் குறை சொல்வதை விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. மூட்டையிடம் பேசுகிற பழக்கம். முதலில் வாய்க்குள் முணுமுணுத்தார். அப்புறம் இன்ஜின் சத்தம்தான் இருக்கிறதே என்று தைரியம் வந்து, வாய்விட்டே பேச ஆரம்பித்தார். அதுவும் எப்படி? 'நீ' என்றுதான். "இன்னிக்கு அந்தம்மா மடிப்பைப் பார்த்துட்டு உன் கையைப் பத்திக் கேட்டாங்க தெரியுமா?" "உனக்குக் கண்ணு வலிக்குதுன்னா விளக்கை மாத்திடலாம்." தெருவில் பார்க்கிறவர்கள் சிரித்தார்கள். சந்தி சிரித்தாலும் அவர் காதில் விழாது, இன்ஜின் அப்படி.

அப்படி ஒருநாள் ஊருக்கு அந்தக் கோடியில் ஒரு பெரிய வீட்டில் வேலை முடிந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து கடைசித் தையலைப் போட்டு முடித்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள். அவர் மீந்த துணியை மூட்டை கட்டிச் சீட்டில் வைத்துக் கிளம்பினார். பாலத்துக்குப் பக்கத்தில் குழாய்க்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத குறையாக நின்றன. அவர் ஆக்சிலரேட்டரை விடாமல் முறுக்கிக்கொண்டே, தட தடவென்ற சத்தத்துக்கு மேலே கத்தி மூட்டையிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு மறந்துபோச்சுன்னு சொன்னேனே, அது பொய்! ஒரு வார்த்தை மறக்கல! தினம் காலையில சொல்லிடலாம்னுதான் எழுந்திருக்கிறேன், உன் மூஞ்சியைப் பார்த்ததும் வாய் ஒட்டிக்குது! நீ பின்னாடி இல்லாம எனக்கு..."

முறுக்கி முறுக்கிக் கை வலித்து, அரை நொடி விரல் தளர்ந்திருக்க வேண்டும். பட்டென்று இன்ஜின் அணைந்துவிட்டது. இன்ஜினுக்கு மேலே கேட்கவேண்டுமென்று தூக்கிப் பிடித்த குரல் மட்டும் அப்படியே தனியாக மிச்சமாயிற்று.

"...எங்கயும் போகவே பிடிக்கல! உன்மேல உயிரையே வச்சிருக்கேன்!"

பாலம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் நின்ற பஸ்ஸின் ஜன்னல்களிலெல்லாம் தலைகள் முளைத்தன. திரைக்காரருக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

"அதை ஏங்க மூட்டைகிட்ட சொல்றீங்க?"

நிமிர்ந்தார். முன்னாலிருந்து மூன்றாவது ஜன்னலில் அவள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும்தான் என்று அப்புறம் அவளே சொன்னாள்.

அவள் எழுந்து படிப்பக்கம் வந்தாள். "நான் இறங்கணும்" என்றாள்.

"இங்க ஸ்டாப் கிடையாதும்மா" என்றார் கண்டக்டர்.

"எவ்வளவு நேரமா நின்னுக்கிட்டே இருக்கு, இதைவிட ஒரு பஸ் எப்படிய்யா நிக்கும்? இறக்கி விடுய்யா!" என்று பின்சீட்டிலிருந்து ஒரு பெரியவர் சத்தம் போட்டார். கண்டக்டரே சிரித்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்.

அவள் நேராக வந்து மூட்டையைத் தூக்கிப் பின்னால் சட்டத்தில் வைத்தாள். தையற்காரி கை, இழுத்து இரண்டு முடிச்சுப் போட்டாள், இனி யார் குலுக்கினாலும் அசையாது. பிறகு சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "ம், போகலாம்" என்றாள். பஸ்ஸிலிருந்து கைதட்டல் கிளம்பியது. திரைக்காரருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. இத்தனை வருஷம் ஏங்கிய ஏக்கம் இதோ முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது, வண்டியோ அணைந்து கிடக்கிறது.

முன்னால் நின்ற வண்டிகள் நகர்ந்து வழி விட்டன. பின்னாலிருந்து ஹாரன் காதைப் பிளந்தது. அவள் பழையபடி இறங்கித் தள்ளினாள். கிளட்சை விட்டார், வண்டி இருமியது, உயிர் பெற்றது. தொப்!

அவர் பிரேக்கை அழுத்தித் திரும்பிப் பார்த்தார். இன்ஜின் அணைந்துவிட்டது.

"ஏங்க நிறுத்தினீங்க? நான்தான் ஏறிட்டேனே!"

"இல்ல, ஏறிட்டியான்னு பார்த்தேன்."

மறுபடி இறங்கினாள், தள்ளினாள், தாவி ஏறினாள். மறுபடியும் அவர் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

"கடவுளே! இப்போ என்ன?"

"தொப்புன்னு கேட்டுச்சு."

"நான் ஏறினா தொப்புன்னுதான் கேட்கும். வேற எப்படிக் கேட்கும்?"

"அன்னிக்கும் அப்படித்தான் கேட்டுச்சு."

அவள் மறுபடி இறங்கித் தள்ளினாள். அடுத்த தடவை ஏறியதும் அவர் தோளில் கையை வைத்து அழுத்தி, "இதோ என் கை. மூட்டைக்குக் கை கிடையாது. நம்பிப் போங்க" என்றாள். அவர் தலையை ஆட்டினார், பல்லைக் கடித்துக்கொண்டு பத்தடி போனார். அதற்கு மேல் தாங்கவில்லை. நிறுத்தித் திரும்பிப் பார்த்துவிட்டார். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் வண்டியிலிருந்து இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றாள். அவளைப் பார்த்து அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"விடுங்க, இது ஆகுற காரியமா தெரியல. தள்ளிக்கிட்டே போயிடலாம்" என்றாள்.

அவர் ஹேண்டில்பாரை இடதுபக்கம் பிடித்துக்கொண்டார், அவள் வலதுபக்கம் பிடித்துக்கொண்டாள். நடுவில் பெட்ரோல் டாங்கி. தள்ளுகிற வாக்கில் முகத்துக்கு முகம் தப்பிக்க வழியில்லாமல் போயிற்று. கொஞ்ச தூரம் போனதும் அவள் கேட்டாள்.

"சொல்லுங்க. அன்னிக்கு அந்த மூட்டைகிட்ட என்னதான் சொன்னீங்க?"

அவர் எச்சிலை முழுங்கினார். ரோட்டைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"உங்க அக்கா வீட்டுல அத்தனை பேரும் சிரிச்சாங்க. நீ தம்ளரை வச்சுட்டுப் பேசினே." நின்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். "சின்ன வயசுலேருந்து எனக்காக யாரும் வாயைத் திறந்ததில்ல. எனக்கு நானே திறந்ததில்ல. நீதான் திறந்தே. எனக்கு இனிமே யார் என்ன சொன்னாலும் கவலையே இல்லைன்னு சொன்னேன். நீ என் பக்கத்துல இருந்தா போதும்னு சொன்னேன். அழுகை வந்துச்சு. அதையும் சொன்னேன்."

அவள் ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதையா மறந்துபோச்சுன்னு சொன்னீங்க?"

"ம்."

"இத்தனை வருஷமும் நான் பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போனேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஏறியிருப்பேன்ல? நல்ல ஆளுய்யா நீங்க!" என்று டாங்கிக்கு மேலே கையை நீட்டி அவர் கையில் ஓர் அடி வைத்தாள். அடித்த கையை எடுக்கவில்லை.

அப்புறம் அவர் வாய் மூடவே இல்லை. கடைத்தெரு, பள்ளிக்கூடம், மெக்கானிக் பட்டறை எல்லாவற்றையும் தாண்டிப் பேசிக்கொண்டே தள்ளினார்கள். பட்டறை வாசலில் மெக்கானிக் ஓடிவந்து, "நின்னுடுச்சாங்க? நான் பார்க்கட்டுமா?" என்றார். "நிக்கலைங்க, நாங்கதான் நிறுத்திட்டோம்" என்றார் திரைக்காரர், மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தே. மெக்கானிக் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

கடைசியில் மேட்டுத்தெரு வந்தது. காலையில் உருண்டு இறங்குவதற்காகப் பிடித்த மேட்டைச் சாயங்காலம் ஏறவும் வேண்டுமே! அவர் முன்னாலிருந்து இழுக்க, அவள் பின்னாலிருந்து தள்ள, நாக்குத் தள்ளிவிட்டது. "நல்லா காத்து வருதுங்க" என்று அவள் நடுவழியில் நின்று மூச்சிரைக்கச் சொன்னாள். உச்சியில் வண்டியைத் திருப்பி, மூக்கைக் கீழ்ப்பக்கம் வைத்து நிறுத்தினார். அப்பாடா என்று வாசல்படியில் உட்காரப்போனார். அவள் மூட்டையை அவிழ்த்துத் தூக்கி வாசல்படியில் போட்டுவிட்டு, சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"உட்காருங்க. கிளம்பலாம்."

"எங்க?"

"அக்கா வீட்டுக்கு. அத்தான்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"என்ன சொல்லணும்?"

"நின்னா நான் தள்ளிக்கிறேன்னு அன்னிக்குச் சொன்னேன். இப்போ ரெண்டு பேருமா தள்ளிக்கிறோம்னு சொல்லணும். இல்ல, நீங்களே சொல்லுங்க. அவர் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க."

அவர் ஏறி உட்கார்ந்து காலைத் தூக்கினார். வண்டி உருண்டது, இருமியது, உயிர் பெற்றது. தோளில் அவள் கை இருந்தது. சரிவில் வண்டி எத்தனை தடவை நின்றாலும் தானாகவே கிளம்பிவிடும் என்பதால், கீழே போய்ச் சேர்வதற்குள் அவர் மூன்று தடவை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.